பழமையைத் தைக்கும் கைகள்

மேடையில் ஔவையாராகத் தோன்றி, அந்த வேடத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னே நிரந்தரமாகப் பெற்றுவிட்ட டி. கே. சண்முகத்தின் நினைவாக, ராயப்பேட்டையின் பழைய லாயிட்ஸ் சாலை இன்று ஔவை சண்முகம் சாலை என்று வழங்குகிறது. ஓர் ஆடவர் தொண்டு கிழவியாக வந்து நின்றதை ஜனங்கள் நம்பினார்கள் என்றால், அந்த நம்பிக்கையில் நடிப்புக்கு உரிய பங்கு போக, நைந்த புடவைக்கு உரிய பங்கும் உண்டல்லவா? அத்தகைய துணிகளைத் தயார் செய்யும் தையற்காரர் ஒருவர் அச்சாலைக்குப் பின்னுள்ள சந்தில் இருக்கிறார் என்று நண்பர் சொன்னபோது, கலை இயக்குநர் பி. கிருஷ்ணமூர்த்தியின் ஞாபகமே எனக்கு முதலில் வந்தது.

பூம்புகாரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, ஜி. வி. ஐயரின் கன்னடப் படமான 'ஹம்சகீதே' (1975) முதலாகத் திரைக்கு உழைத்து, 2020 டிசம்பரில் மறைந்த அவர், மலையாளத்து 'ஒரு வடக்கன் வீரகாதா' (1989), தமிழின் 'பாரதி' (2000) ஆகிய இரு படங்களிலும் அரங்கத்துக்கும் ஆடைக்கும் சேர்த்தே தேசிய விருது பெற்றவர். இரண்டையும் ஒரே கண் பார்த்தது பெரும் பாக்கியம். சுவரின் காரை உதிர்ந்திருக்க, அதன்மேல் சாய்ந்து நிற்பவனின் சட்டை சலவைக் கடையிலிருந்து வந்ததுபோல் மின்னுமானால், அந்தக் காலம் முழுவதுமே பொய்யாகிவிடும்.

நான் கண்ட தையற்காரருக்கு அறுபது பிராயம் கடந்திருக்கும். நாடகக் கம்பெனிகளுக்கு ராஜா உடுப்புத் தைத்த தகப்பனாரிடம் சம்கி கோக்கும் சிறுவனாகத் தொழிலைத் தொடங்கியவர். அளவெடுத்து வெட்டும் முறை எந்தத் தையற்கடையிலும் காணக்கூடியதே. அதற்குப் பிறகு நடப்பதுதான் அவருடைய வித்தை. தைத்து முடித்த புதுச் சட்டையைக் கஞ்சி போக அலசி, தேயிலை டிகாக்‌ஷனில் முக்கி, ஈரம் பாதி உலர்ந்ததும் செங்கல் துண்டால் காலரையும் கைமடிப்பையும் தேய்க்கிறார்.

“ஒடம்பு எங்க ஒராயுதோ, அங்கதான் சார் துணி பழசாவணும். எல்லா எடமும் ஒரே மாரி வெளுத்தா, அது சாயம்போன புதுத்துணி.”

ஆகவே மூட்டை சுமப்பவனுக்குத் தோள் நைய வேண்டும். மேஜையில் ஊன்றி எழுதுகிறவனுக்கு முழங்கை நைய வேண்டும். கதையைக் கேட்காமல் அவர் கல்லைக் கையில் எடுப்பதில்லை. மனித வாழ்க்கையை இவ்வளவு நுட்பமாகப் படித்த ஒருவரைக் கூலிக்காரர் என்று மட்டும் கருத என் மனம் இடங்கொடுக்கவில்லை.

ஆனால் அவரிடம் வேலை தரும் இடைத்தரகர் அவ்வாறே கருதுகிறார். படக் கம்பெனியோடு மொத்தமாகப் பேசி முடிக்கும் அந்தத் தரகர், உருப்படிக்கு இவ்வளவு என்று தையலுக்கு மட்டும் கணக்கிடுகிறார். தைப்பதைக் காட்டிலும் அதிக நேரம் தின்னும் இந்தத் தேய்ப்புக்கும் தோய்ப்புக்கும் சல்லி கிடையாது; கேட்டால், துணியைக் கெடுப்பதற்கும் கூலியா என்கிறாராம். உழைத்தவனுடைய சாமர்த்தியத்தை விற்றுவிட்டு, அவனிடமே அது சாமர்த்தியமல்ல என்று சாதிப்பது அப்பட்டமான அநியாயம். படக் கம்பெனிகள் இதை அறியாதிருக்க நியாயமில்லை. நடிகரின் முழங்கை நையவில்லை என்று உடுப்பைத் திருப்பியனுப்புகிறவர்கள் அவர்களேதாம். தையற்கூலி என்று ஒரு வரி எழுதும் சீட்டில், பழமையாக்கிய கூலி என்று இரண்டாவது வரியையும் அவர்கள் எழுதி, அந்தத் தொகையைத் தரகர் கையில் கொடாமல் அந்தச் சந்துக்கே நேராக அனுப்ப வேண்டும்.