புண்ணாக்குக் கடை நாய்

இருபத்தெட்டு வருஷமாகத் தராசு வைத்துப் பிழைக்கிறவன் நான். மம்சாபுரத்தில் தவிடு, புண்ணாக்கு, பருத்தி விதை, கம்பு, சோளம் விற்கிற கடை. மூட்டையைத் தூக்கும்போதே அரைக்கிலோ குறைவதைக் கை சொல்லிவிடும். அந்தக் கை ஐந்து மாதமாக என் வீட்டு நாய்க்குட்டியின் விலாவில் ஒருமுறைகூட ஒழுங்காகப் படவில்லை. அதன் முன்னங்கால்கள் வளைந்ததற்கு நான்தான் காரணம். இதை மருத்துவரிடம் பாதிதான் சொன்னேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மலையைப் பார்த்தமாதிரி இருக்கிறது. இங்கே நாய் என்றால் ராஜபாளையம்தான். பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு, நின்றால் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர். 2005 ஜனவரியில் தபால்துறை நாட்டு நாய்களுக்காக நான்கு தபால்தலை போட்டபோது அதில் ஒன்று எங்கள் ஊர்ப்பக்கத்து நாய். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசும்போது ராஜபாளையத்தைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டார். அன்றிலிருந்து எனக்கும் ஒரு ஆசை. கடை வாசலில் ஒன்று கம்பீரமாகப் படுத்திருக்க வேண்டும், வருகிறவன் போகிறவன் நின்று பார்க்க வேண்டும்.

ஆசை நிறைவேற இரண்டு வருஷம் பிடித்தது. நாற்பது நாள் ஆண் குட்டி. இந்த வெள்ளை நாய்களில் காது கேட்காத குட்டிகளும் பிறக்கும் என்பதால், பின்னால் நின்று தகர டப்பாவைத் தட்டி, திரும்பிப் பார்க்கிறதா என்று சோதித்துத்தான் எடுத்தேன். அவ்வளவு விவரமான ஆள்! அதே ஈத்தில் இன்னொரு ஆண் குட்டியை, எங்கள் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிற பெரியவர் ஒருவர் எடுத்துப் போனார். என் கடையில்தான் அவர் கம்பு வாங்குவார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், சொல்லவேண்டியதே அதுதான்.

குட்டி வந்தபோது வயிறு பானை மாதிரி உருண்டிருந்தது. நல்ல தீனி தின்ற குட்டி என்று மகிழ்ந்தேன். முதுகில் தண்டெலும்பு வரிசையாகத் துருத்தி நின்றதைக் கண் பார்த்தது, மனசு வாங்கவில்லை. தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது மருத்துவர் வயிற்றைத் தட்டிவிட்டு, “இது சாப்பாடு இல்ல, பூச்சி” என்றார். மருந்து கொடுத்தார். மறுநாள் வெள்ளை வெள்ளையாக நூல் போல விழுந்தது. வயிறு வற்றியதும் குட்டி பாதியாகிப் போனமாதிரி தெரிந்தது.

அந்த வாரம்தான் தவிடு வாங்க வந்த ஒருத்தர் கடை வாசலில் நின்று சிரித்தார். “என்ன மொதலாளி, ஊர் மாட்டுக்கெல்லாம் தீனி விக்கிறீக, புண்ணாக்குக் கடை நாய் இப்படி எலும்பும் தோலுமாத் திரியுது?”

வேடிக்கையாகச் சொன்ன பேச்சு. சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து வேளைக்கு அரை லிட்டர் பால். காலையில் இரண்டு முட்டை. மதியம் சோறும் கோழித் தலையும் காலும், ராத்திரி மறுபடி சோறும் ஈரலும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருந்துகொண்டு பால்கோவா கொடுக்காமல் முடியுமா? இலையில் ஒட்டியிருப்பதை நக்கக் கொடுத்து ஆரம்பித்தது, பிறகு அதற்கென்றே கால் கிலோ வாங்கும் அளவுக்குப் போனது. தட்டை வைத்தால் குட்டி ஒரு பருக்கை விடாமல் வழித்துவிடும். பசிக்குத்தானே தின்கிறது என்று இன்னொரு கரண்டி போடுவேன். வளர்கிற குட்டி, போட்டதையெல்லாம் தின்னும். எங்கள் கடைக்கு வருகிற மாட்டுக்காரர்களுக்கு, கன்று தின்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள் என்று நானே புத்தி சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை. கடை மேடைத் தராசில் கூடையை வைத்து, கூடை எடையைக் கழித்துவிட்டு, குட்டியை அதில் உட்கார வைப்பேன். பற்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதுவேன். மூன்று மாதத்தில் 9 கிலோ 400. நான்கில் 15 கிலோ 200. ஐந்து நெருங்கும்போது 21 கிலோ 600. பருத்தி விலை ஏறினால் வியாபாரிக்கு முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அந்த வெளிச்சத்தோடு எழுதினேன். எண் கூடுகிறது, அப்படியானால் குட்டி நன்றாக இருக்கிறது. இதற்குமேல் நான் யோசிக்கவில்லை. தீவன வியாபாரத்தில் எடைதானே எல்லாம்.

இப்போது பெரியவர் விஷயம். அவர் குட்டி கிடைக்குப் பின்னாலேயே ஓடித் திரிந்தது. கம்பங்கூழ், மோர், எப்போதாவது ஆட்டுக் குடல், அவ்வளவுதான் அதன் சாப்பாடு. ஒருநாள் கம்பு வாங்க வந்தவரை விடாமல், அவர் குட்டியையும் தூக்கித் தராசில் வைத்தேன். 16 கிலோவுக்குச் சற்றுக் கீழே. கூட இருந்தவர்களுக்குக் கேட்கும்படி என் குட்டியின் எடையைச் சொன்னேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. குட்டியை இறக்கிக்கொண்டு போனார். நான் அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் டீக்கடையில், “சோறு போட வக்கில்லாதவன் எதுக்குய்யா ராஜபாளையம் வளக்கணும்? ஒரு உசிரப் பட்டினி போட்டுக் கொல்றான்” என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். சிரித்த நாலு பேரில் ஒருத்தன் அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து அவர் என் கடைப் பக்கம் வரவில்லை. கிடையைக்கூடச் சுற்றுவழியில் ஓட்டிப் போனார். கணக்கில் பாக்கி 340 ரூபாய் இருந்தது, அதை ஒரு பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் குட்டியின் முன்னங்கால் மணிக்கட்டுப் பக்கம் புடைக்க ஆரம்பித்தது. பாதம் வெளிப்பக்கம் திரும்பியது. விரல்கள் அகன்று, நடக்கும்போது தட்டையாக விழுந்தன. வீட்டுக்காரி, “டாக்டர்கிட்டக் காட்டுங்க” என்றாள். எனக்குத் தெரியாத வைத்தியமா? கால் வளைந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கடையில் கறவை மாட்டுக்கான தாது உப்பு இருக்கிறது. மாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பையிலேயே எழுதியிருக்கும். குட்டிக்கு எவ்வளவு என்று எங்கேயும் எழுதவில்லை. ஒரு சின்னக் கைப்பிடி போட்டேன். கால் இன்னும் வளைந்தது. இரண்டு கைப்பிடி போட்டேன்.

ஒருநாள் காலையில் குட்டி எழுந்திருக்கவே முனகியது. அன்றைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

மருத்துவர் முதலில் எடை போடவில்லை. மேலே இருந்து பார்த்தார், பக்கவாட்டில் குனிந்து பார்த்தார், விரல்களால் விலாவைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, “கையை மூடுங்க” என்றார். மூடினேன். “முட்டி மேல மத்தக் கை விரல ஓட்டுங்க. குட்டியோட விலா இப்படி நட்டுக்கிட்டு இருந்தா அது பட்டினி.” ஓட்டினேன். “கைய விரிங்க. புறங்கைல ஓட்டுங்க. எலும்பு ஒண்ணொண்ணாத் தட்டுப்படுதா? மேல மெல்லிசா ஒரு போர்வை. இதான் சரி.” பிறகு என் கையைத் திருப்பி உள்ளங்கையை மேலே வைத்தார். “இப்ப விரலுக்கு அடியில தடவுங்க. எலும்பு எங்க இருக்கு?”

அழுத்தினால்தான் கிடைத்தது.

“இப்ப உங்க குட்டியத் தொடுங்க.”

வைத்தேன். பருத்தி விதை மூட்டையைத் தடவினமாதிரி இருந்தது. விலா எங்கோ அடியில் இருந்தது. மேலே இருந்து பார்த்தால் நாயின் இடுப்பு உடுக்கை மாதிரி ஒடுங்க வேண்டும் என்றார். என் குட்டி அம்மிக்குழவி. பக்கத்தில் இருந்து பார்த்தால் நெஞ்சு இறங்கி, வயிறு பின்னால் போகப்போக மேலேற வேண்டும். என் குட்டிக்கு நெஞ்சும் வயிறும் ஒரே கோடு. இப்படிப் பார்த்தும் தொட்டும் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்களாம். 4, 5 வந்தால் நல்லது. ஓட்டத்துக்கென்றே பிறந்த ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி நாய்களுக்குக் கடைசி ஓரிரண்டு விலா லேசாகத் தெரிந்தாலும் தப்பில்லை என்றார். என் குட்டிக்கு 8 போட்டார். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு வாங்கியதில்லை.

“என்ன சாப்பாடு குடுக்குறீக?”

“தயிர்ச் சோறு சார். எப்பவாவது முட்டை.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல சார்.”

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில். கால்சியம் மருந்து, சத்துப் பொடி ஏதாவது? இல்லை என்றேன். கூட வந்த வீட்டுக்காரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சொன்னாள்: “கடையில இருந்து மாட்டு உப்பு கொண்டாந்து அள்ளிப் போடுறாரே, அதச் சொல்லுங்க.”

மருத்துவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வளர்ந்த நாய் வேண்டாத சுண்ணாம்புச் சத்தைக் குடலிலேயே தடுத்துவிடும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கதவைச் சரியாக மூடத் தெரியாது, போட்டதெல்லாம் உள்ளே போய் எலும்பு வளர்கிற முறையையே கெடுத்துவிடும் என்றார். எலும்பு முற்றுவதற்குள் மேலே சுமை ஏறினால் குருத்தெலும்பு தாங்காது. நான் இரண்டையும் சேர்த்துச் செய்திருந்தேன். பெரிய சாதிக் குட்டி மெதுவாக வளர்ந்தாலும் கடைசியில் எட்டவேண்டிய உயரத்தை எட்டிவிடும், அவசரப்படுத்தி லாபமில்லை என்றும் சொன்னார்.

கல்லூரியில் படிக்கிற மகன் அப்புறம் செல்போனில் தேடிப் படித்துக் காட்டினான். 1974-லேயே அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை இரண்டு பிரிவாக வளர்த்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு இஷ்டப்பட்ட அளவு தீனி, இன்னொன்றுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. வயிறு முட்டத் தின்ற குட்டிகளுக்குத்தான் எலும்புக் கோளாறு அதிகம். 2002-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 48 லாப்ரடார் நாய்கள். எட்டு வாரக் குட்டியாக இருக்கும்போதே ஆரம்பித்து, ஜோடியில் ஒன்றுக்குக் கால்பங்கு குறைத்துப் போட்டார்கள். குறைத்துத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மகன் படிக்கப் படிக்க எனக்கு டீக்கடை ஞாபகம்தான் வந்தது.

தாது உப்பை அன்றோடு நிறுத்தினேன். பால்கோவா போயிற்று. சோற்றைக் கடைப் படியால் அளந்துதான் தட்டில் போடுகிறோம். தட்டைக் காலி செய்துவிட்டு என்னைப் பார்க்கும், நான் எழுந்து கடைக்குள் போய்விடுவேன். வழுக்குகிற டைல்ஸ் தரையில் விடாமல் மண்தரையில் நடக்க விடுகிறேன். வாரம் ஒருமுறை எடை போடுவதற்குமுன் விலாவைத் தடவுகிறேன். இப்போது ஒன்பது மாதம். வலது கால் பாதிக்குமேல் நேராகிவிட்டது. இடது கால் அப்படியேதான். ஓடும், ஆனால் அந்த இனத்து நாய் ஓடவேண்டிய ஓட்டம் இல்லை அது. திரும்பும்போது ஒரு தயக்கம் இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், “பிறவிலேயே அப்படி” என்று சொல்லிவந்தேன். அதுவும் பொய்.

போன மாதம் பெரியவர் வந்தார். எப்போதும் வாங்குகிற இடத்தில் கம்பு தீர்ந்துவிட்டதாம். அவர் நாய் வாசலுக்கு வெளியே, வேப்பமர நிழலில் நின்றது. வயிறு ஏறி, இடுப்பு ஒடுங்கி, நான்கு காலும் நட்டுவைத்த குச்சி மாதிரி. என் நாய் படியில் படுத்திருந்தது. ஒரு தாய்ப் பிள்ளைகள், ஒன்றையொன்று மோந்து பார்த்துக்கொண்டன. என் நாய் எழுந்து நடந்ததைப் பெரியவர் பார்த்தார். காலைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. டீக்கடையில் பேசியது தப்பு என்று ஒரு வார்த்தை. கடையில் வேறு யாரும்கூட இல்லை. சொல்லாமல், ஐந்து கிலோ கேட்டதற்கு ஐந்தரைக் கிலோ அள்ளிப் போட்டேன். அதைத்தான் மன்னிப்பாக நினைத்துக்கொண்டேன்.

பெரியவர் தராசைப் பார்த்தார்.

“கூடுதலா நிக்கிது மொதலாளி. எடுத்துருங்க.”

எடுத்தேன். முள் ஐந்தில் வந்து நின்றதும் காசை எண்ணி வைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நாய் அவருக்கு முன்னால் ஓடியது.