பிணை நிற்பவர் யார்?

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. வேற்றுநாட்டிலே வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர் எவரேனும் அவர்களுள் இருந்திருப்பின், மூன்றாவதாக ஒன்றையும் அதனுடன் சேர்த்திருப்பார். அந்த அனுபவம் எனக்கு 2023ஆம் ஆண்டு, யப்பானின் தலைநகராகிய டோக்கியோவிலே கிட்டியது.

கல்லூரியில் விடுப்புப் பெற்று, இரண்டாண்டுப் பணியொன்றை ஏற்று, பெப்ரவரி மாதத்திலே அங்குச் சென்றேன். முதற் சில வாரங்கள் விடுதியிற் கழிந்தன. அந்நாட்டிற் பள்ளி ஆண்டு ஏப்ரில் மாதத்திலே தொடங்குகிறது. வீடு அமைந்த பதினான்கு நாட்களுக்குள் முகவரியை நகர அலுவலகத்திற் பதிய வேண்டும். பிள்ளைக்குரிய அரசாங்கப் பள்ளியும் அம்முகவரியைக் கொண்டே குறிக்கப்படும். ஆகவே, மார்ச் முடியுமுன் வீடு கிடைத்தாலன்றி, யாழ்ப்பாணத்திலே பெட்டி கட்டிவைத்துக் காத்திருந்த என் மனைவியும் மகளும் வந்து சேர்வதிற் பயனில்லை. மாணவரும் புதிதாக உத்தியோகம் ஏற்பவரும் நாடெங்கும் வீடு மாறுவது அதே இரு மாதங்களிலேதான் என்பதை அங்குச் சென்ற பின்னரே அறிந்தேன்.

வீட்டுத் தரகரின் கடைகள் புகையிரத நிலையங்களின் அருகே இருக்கின்றன. கண்ணாடியிலே வீடுகளின் வரைபடங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். அறையின் பரப்பை அங்குப் பாயினால் அளக்கிறார்கள். கோரைப்புல் முகம் வைத்துத் தைத்த 'ததாமி' என்னும் தடித்த பாய், ஏறக்குறைய ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடையது. நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை என்றே பேச்சு. பாயில் உறங்கி வளர்ந்த நமக்கு இம்முறை விளங்குவதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை. வாசலிலே பாதணியைக் கழற்றுவதும் நம் வழக்கந்தானே! இவ்வளவு ஒற்றுமை இருக்கையில், வீடு கிடைப்பதும் எளிதாகுமென்று எண்ணினேன்.

முதலிலே பணக் கணக்கு வந்தது. வீட்டுக்காரரிடம் 'ஷிகிகின்' என்னும் முற்பணம் கட்டவேண்டும். வாடகைக்காரர் வெளியேறும்போது பழுதுக்குரியதைக் கழித்து மிகுதியைத் திருப்பித் தருவர். காலத்தாலும் இயல்பான பாவனையாலும் வந்த தேய்வை வாடகைக்காரர் திருத்தித்தர வேண்டியதில்லை என்று 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் தெளிவாக்கியிருக்கிறது. அடுத்தது 'ரெய்கின்', வீடு தந்தமைக்கு நன்றியாகக் கொடுப்பது. இது திரும்பி வராது. இவற்றோடு தரகுக்கூலி, முதல் மாத வாடகை, தீக்காப்புறுதி ஆகியனவும் சேரும். எண்பதினாயிரம் யென் வாடகை வீட்டுக்குள் நுழைய, நாலைந்து மாத வாடகைக்கு ஈடான தொகை கையில் இருத்தல் நன்று. பழைய கட்டடமாயின் 1981ஆம் ஆண்டுக்கு முன்னதா, பின்னதா என்று விசாரிப்பதும் நன்று. பூமியதிர்ச்சியைத் தாங்குவதற்கான கடுமையான விதி அவ்வாண்டிலேதான் வந்தது.

பணத்துக்கு ஒருவாறு வழி பிறந்தது. அதற்கு அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் விடையில்லை: "உமக்குப் பிணை நிற்பவர் யார்?"

வாடகை தவறினால் தாம் கொடுப்பதாகக் கையொப்பமிடும் ஒருவர் அங்கு வேண்டும். பெரும்பாலும் தந்தையோ தமையனோ நிற்பார். இக்காலத்திற் கூலி பெற்றுப் பிணை நிற்கும் நிறுவனங்களும் உள்ளன. ஆயினும் வீட்டுக்காரரின் சம்மதம் முதலில் வேண்டுமே! தரகராகிய இளைஞர் நல்லவர். என் முன்னிலையிலேயே ஒவ்வொரு வீட்டுக்காரராகத் தொலைபேசியில் அழைத்தார். காணாத மனிதருக்குத் தலை வணங்கி வணங்கிப் பேசினார். 'அயல்நாட்டவர்' என்று பொருள்படும் சொல் வந்ததும் அவர் முகம் சிறிது வாடும். மறுபடியும் ஒரு வணக்கம். வரைபடத்தை எடுத்து மேசையில் கவிழ்த்து வைப்பார். அன்று மாலைக்குள் ஏழு தாள்கள் கவிழ்ந்து கிடந்தன.

யப்பானிய நீதியமைச்சு 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் அங்கு வீடு தேடிய அயல்நாட்டவருள், அயல்நாட்டவர் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டோர் நூற்றுக்கு 39 பேர். யப்பானியப் பிணையாளர் இல்லாமையால் மறுக்கப்பட்டோர் நூற்றுக்கு 41 பேர். தனித்து வாழும் முதியோரையும் வீட்டுக்காரர் பலர் ஏற்கத் தயங்குகின்றனர். வீட்டுக்காரரின் அச்சத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. தக்க காரணமின்றி வாடகைக்காரரை எழுப்ப அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. எழுப்புவது அரிதாகையால், உள்ளே விடுமுன்னரே ஆராய்கிறார்கள். மொழி தெரியாதவர், குப்பையைக் கண்டபடி வைப்பார், சொல்லாமற் போய்விடுவார் என்றெல்லாம் எண்ணுகிறார்கள்.

அன்றிரவு விடுதி அறையிலே எனக்குக் கோபமே மிகுந்திருந்தது. பட்டதாரி, கல்லூரி ஆசிரியன், எனக்கா வீடில்லை என்று பொருமினேன். அப்போது எதிர்பாராமல் ஒரு முகம் நினைவில் எழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டின் முன்பக்கம் வெறுமையாய் இருந்தது. ஹற்றனிலிருந்து மாற்றலாகி வந்த இளம் ஆசிரியர் ஒருவர் அதனை வாடகைக்குக் கேட்டு வந்தார். விறாந்தையில் நிறுத்திவைத்தே கேட்டேன்: "தம்பி, உம்மைத் தெரிஞ்ச ஆரும் இஞ்சை இருக்கினமோ?"

"இங்க யாரையும் தெரியாதுங்க, சேர்."

"அப்ப வீட்டிலை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றேன். சொல்லவில்லை. அவரும் மறுபடி வரவில்லை. தாளைக் கவிழ்க்குமுன் அத்தரகர் வணங்கிய வணக்கத்தைக்கூட நான் அவருக்குச் செய்யவில்லை. அவர் அன்று எங்கே போய்ப் படுத்தாரோ! நானும் நம் நாட்டவன், அவரும் நம் நாட்டவர். பேசிய மொழியும் ஒன்றே. யப்பானியரைக் குறைகூற எனக்கு வாயேது?

வழி, அங்கே நெடுநாள் வாழும் திருநெல்வேலி அன்பர் ஒருவரால் கிடைத்தது. போருக்குப் பிந்திய வீட்டுப் பஞ்சத்தைப் போக்க 1955ஆம் ஆண்டில் ஓர் அரசாங்க வீடமைப்புக் கூட்டுத்தாபனம் அங்கு நிறுவப்பட்டது. அதன் வழிவந்த யு.ஆர். என்னும் நிறுவனம் இன்றும் மாடிக் குடியிருப்புகளை வாடகைக்கு விடுகிறது. அங்கே நன்றிப் பணம் இல்லை, தரகு இல்லை, பிணையாளரும் வேண்டியதில்லை. மாத வருமானம் குறித்த அளவினதாக இருத்தல் வேண்டும். அல்லது வாடகையின் நூறு மடங்கு சேமிப்பு வேண்டும். முற்பணம் இரண்டு மாத வாடகை. முந்தி வருபவருக்கு முதல் உரிமை. இதனாலேயே, எடோகவா வட்டாரத்து நிஷிகசாய்ப் பகுதியில், 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த இந்தியப் பொறியியலாளர் பலர் குடியேறினர். இன்று அங்கே பருப்பும் கறிவேப்பிலையும் கடையில் வாங்கலாம்.

மார்ச் மாதக் கடைசி வாரத்திலே எனக்கும் அப்பகுதியில் இரண்டு அறைகள் கிடைத்தன. ஓர் அறையிலே ஆறு பாய்கள். மாடங்களெங்கும் மெத்தைகள் வெயிலிற் காய, கீழே துவிச்சக்கரவண்டிகள் நூற்றுக்கணக்கில் நின்றன. எதிர்வீட்டு மூதாட்டியார் முதல் நாளே கதவைத் தட்டினார். எரியும் குப்பை எந்நாள், போத்தல் எந்நாள், பழைய கடதாசி எந்நாள் என்று படம் வரைந்து காட்டிவிட்டுச் சென்றார். எனக்குப் பிணை நின்றவர் அவரே என்று இன்றும் எண்ணுகிறேன். ஏப்ரிலில் மகள் புதுப் புத்தகப்பையுடன் பள்ளிக்குச் சென்றபோது, அவர் மாடத்தில் நின்று கையசைத்தார்.

2025இலே ஊர் திரும்பியதும் அந்த ஹற்றன் ஆசிரியரைப் பற்றி விசாரித்தேன். மாற்றலாகிப் போய்விட்டாராம். சென்ற மாதம், மன்னாரிலிருந்து வந்த தாதியர் ஒருவர் எங்கள் முன்பக்கத்தைக் கேட்டு வந்தார். "உள்ளே வந்து இரும், பிள்ளை" என்றேன். ஒரு மாத முற்பணம் வாங்கிக்கொண்டேன். தெரிந்தவர் யார் என்று கேட்கவில்லை. மாநகரசபை வண்டி எந்நாளில் வரும், குப்பையை எங்கே வைப்பது என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.