நாற்பது வீட்டுக்கு ஒரே சாவி

தோப்பில் முகமது மீரானின் ஊரான தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘ஆபீஸில் ஒரு சர்வர், 40 கம்ப்யூட்டர். எல்லாத்துக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு ஒண்ணுதான். ஆபத்தா சார்?’

ஆபத்துதான். தெருவில் 40 வீட்டுக்கும் ஒரே சாவி என்றால், திருடனுக்கு ஒரு வீடு கிடைத்தால் போதுமே. விண்டோஸ் சர்வரிலிருந்தே ஒரே பாஸ்வேர்டை எல்லா மெஷினுக்கும் அனுப்ப முன்பு ஒரு வசதி இருந்தது. பாஸ்வேர்டைப் பூட்டித்தான் வைத்தார்கள். பூட்டின் சாவியை மைக்ரோசாஃப்டே தன் இணையதளத்தில் போட்டு வைத்திருந்தது! 2014-ல் அந்த வசதியை நிறுத்தி, 2015-ல் ‘லாப்ஸ்’ என்ற துணை மென்பொருளை இலவசமாகத் தந்தார்கள். அதை நிறுவினால் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. 14 எழுத்து, 30 நாளில் தானே மாறிக்கொள்ளும். மனப்பாடம் செய்ய வேண்டாம், சர்வரின் ஆக்டிவ் டைரக்டரியில் பத்திரமாக இருக்கும்.

பத்திரம் என்றா சொன்னேன்? அங்கே அது பட்டவர்த்தனமாக, படிக்கிற எழுத்திலேயே இருந்தது. யார் பார்க்கலாம் என்ற அனுமதிப் பட்டியல்தான் காவல். என்றைக்கோ யாருக்கோ ‘எல்லா உரிமையும்’ கொடுத்திருந்தால், அவரும் ஜாலியாகப் படிக்கலாம்.

ஏப்ரல் 2023 முதல் லாப்ஸ் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. பாஸ்வேர்டைச் சங்கேதமாக்கி வைக்கவும் அதற்குத் தெரியும். எனவே பழையதைத் தேடி டவுன்லோடு செய்யாதீர்கள். புதியதை முடுக்கிவிடும் முன் அந்தப் பட்டியலை ஒருதரம் பாருங்கள். ரிட்டயராகிப் போன மானேஜர் அதில் இன்னும் உட்கார்ந்திருக்கலாம்.