அம்மா என்ன படிச்சிருக்காங்க?

1987 ஜூன் மாதம். ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் படிவம் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். 'தாயின் கல்வித் தகுதி' என்ற இடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்று எழுதப் போனேன். பெண் பார்க்கப் போனபோது அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "எட்டாவதுன்னு எழுதுங்க. எங்கப்பா சொன்னது பொய். இத்தனை வருஷமா சொல்ல பயமா இருந்துச்சு."

இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது, "வீட்ல இருந்தே படிச்சு பரீட்சை எழுதலாமாம். எழுதட்டுமா?" என்றாள். "இப்ப எதுக்கு? வேலைக்கா போகப்போறே?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவள் விடவில்லை. தனித்தேர்வராகப் பணம் கட்டினாள். ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண் வேண்டும். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு; அவள் படித்ததும் தெலுங்கு மீடியம். பாகலூர் பக்கம் ஒரு வாத்தியார் பழைய புத்தகங்கள் கொடுத்தார். மொழிப் பாடத்தை அன்று தெலுங்கிலேயே எழுத முடிந்தது. தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய சட்டம் வந்தது 2006-ல்தான்.

சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து நடுராத்திரி வருவேன். அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். மெல்ல நானும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். பரப்பளவும் கன அளவும் எனக்கு வேலையிலேயே பழக்கம், சொல்லிக்கொடுத்தேன். அல்ஜீப்ராவில் இருவருமே முழித்தோம்.

1989-ல் முடிவு வந்தபோது பேப்பரில் அவள் நம்பர் இல்லை. கணக்கில் 27. மற்ற நான்கும் பாஸ். ஒரு பொழுது அழுதாள். மறுநாள் காலை நானே போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தேன். அடுத்த தேர்வில் 43 வாங்கினாள்.

1991-ல் மகனைப் பள்ளியில் சேர்த்தோம். படிவத்தை அவளே பூர்த்தி செய்தாள். அந்த இடம் வந்தபோது என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

இப்போது தனித்தேர்வோடு இன்னொரு வழியும் இருக்கிறது. 1989-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்பு தருகிறார்கள். எல்லாப் பாடத்தையும் ஒரேயடியாக எழுத வேண்டியதில்லை. படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் எங்கள் தெருவில் யார் கேட்டாலும் என் மனைவி சொல்வது இதுதான்: "முதல்ல வீட்ல உண்மையச் சொல்லும்மா. அப்புறம் புஸ்தகம் வாங்கு."