ஸனதுக்குப் பின்னும் கல்வி

அரபி மதரஸாவில் ஏழாண்டுகள் ஓதி ஸனது பெற்று வெளியேறும் மாணவருக்கு உஸ்தாதுமார்கள் சொல்லும் புத்திமதி ஒன்றுண்டு. ஸனது என்பது கல்வி முடிந்ததற்குச் சான்றன்று. இனித் தாமே கற்பதற்குத் தகுதி வந்ததற்கே அது சான்று. நாளைய பாடத்தை இன்றிரவு முதாலஆச் செய்யாமல் வரும் ஆசிரியரை மாணவர்களே எளிதில் கண்டுகொள்வார்கள். ஆலிம்களிடம் நாம் எதிர்பார்க்கும் இந்த ஒழுக்கத்தை மருத்துவர்களிடமும் எதிர்பார்க்கிறோமா? சுவரில் தொங்கும் பட்டத்தைப் பார்க்கிறோம்; அதைப் பெற்றபின் அவர் என்ன கற்றார் என்று நினைப்பதில்லை. கருத்தரங்கிற்காக ஒருநாள் கிளினிக்கை அடைத்தாலோ, “டாக்டருக்கு இன்னுமா படிப்பு?” என்று முணுமுணுக்கிறோம்.

மருத்துவர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுகளுக்கு 30 மணி நேரமேனும் தொடர் கல்வியில் கலந்துகொள்ள வேண்டுமென்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அக்கல்வியின் பெறுமதியை என் குடும்பத்திலேயே இருமுறை கண்டேன்.

என் உம்மா பதினைந்தாண்டுகளுக்கு மேல் அல்சர் நோயால் வாடினார்கள். காரமும் கவலையுமே காரணம் என்றார் அப்போதைய மருத்துவர். மிளகாயை விலக்கி, பாலும் மோருமாக உண்டு, அமிலத்தைத் தணிக்கும் மருந்தைப் பருகியே காலம் கழிந்தது. நோயைவிட உம்மாவை வருத்தியது நோன்பு நோற்க முடியாமைதான். ரமளான் தோறும் ஃபித்யா கொடுத்துவிட்டு, ஸஹர் நேரத்தில் எங்களுக்குச் சோறு பரிமாறியபடியே கண்ணீர் வடிப்பார்கள்.

ஆனால் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள், இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவை 1982-லேயே வளர்த்துக் காட்டியிருந்தார்கள். அமிலத்தில் கிருமி வாழாது என்று உலகம் நம்ப மறுத்தபோது, 1984-இல் மார்ஷல் அக்கிருமிகளைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி மெய்ப்பித்தார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று பெயர் பெற்றுள்ள அதுவே குடற்புண்ணுக்குப் பெருங்காரணம் என்பது நிலைநாட்டப்பட்டது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் வீட்டு வாசலுக்கு இந்த உண்மை 2001-இல்தான் வந்து சேர்ந்தது. வேறொரு மருத்துவர் பரிசோதித்து, இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளையும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் சில நாட்களுக்குக் கொடுத்தார். உம்மா குணமடைந்தார்கள். அவ்வாண்டு ரமளானின் நோன்புகள் அனைத்தையும் நோற்றார்கள். முந்தைய மருத்துவர் கெட்டவர் அல்லர். தாம் கல்லூரியில் கற்றதோடு நின்றுவிட்டவர். அதற்கு விலையாகக் கழிந்தவை உம்மாவின் ரமளான்கள்.

அன்று பயன்பட்ட அம்முறையும் இன்று பழையதாகி வருகிறது. அக்கிருமிகள் பல நாடுகளில் மருந்துக்கு அடங்காத வலிமை பெற்றுவிட்டன. ஒரு வாரம் போதுமென்றிருந்த சிகிச்சையை இப்போது பெரும்பாலும் 14 நாட்கள், வேறு மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். 2001-இல் கற்றவரும் மீண்டும் கற்க வேண்டும்.

இரண்டாவது அனுபவம் 2019-இல். அஸருக்குப் பின் பேசிக்கொண்டிருந்த சாச்சாவின் வாய் கோணி, சொல் குழறி, வலக்கை துவண்டது. பெண்கள் ஸம்ஸம் நீரைக் கிண்ணத்தில் ஏந்தி நின்றார்கள். குடும்ப மருத்துவரை அழைத்தோம். அவர் தொலைபேசியிலேயே, “துஆச் செய்யுங்கள், ஆனால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மாத்திரையும் கொடுக்க வேண்டாம். எனக்காகக் காத்திராமல், ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்” என்றார். அங்கே மூளையில் இரத்தக் கசிவில்லை என்று ஸ்கேன் மூலம் உறுதிசெய்தபின், அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். இஷாவுக்குமுன் சாச்சாவின் நாவு கலிமாவைத் தெளிவாக மொழிந்தது. வலக்கையில் மட்டும் சற்றே தளர்ச்சி எஞ்சியிருக்கிறது.

பின்னர் அம்மருத்துவர் சொன்னார்: “பத்தாண்டுகளுக்கு முன்பென்றால் நானே வீட்டுக்கு வந்து பார்த்து, காலையில் மருத்துவமனைக்குப் போகலாம் என்றிருப்பேன். கருத்தரங்குகளில் கற்றதுதான் காப்பாற்றியது.” அந்த ஊசி மூன்று மணி நேரத்துக்குள் பயன்தரும் என்பது 1995-இல் நிறுவப்பட்டது, 2008-இல் அது நான்கரை மணி நேரமாக நீண்டது. பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால், மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை அகற்றுவது சிறந்தது என்பது 2015-இல் உறுதியாயிற்று. தக்க நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரையிலும் அது உதவும் என்று 2018-இல் தெரியவந்தது. எனினும் தாமதம் கூடாது. பெரிய அடைப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் மூளை நரம்பணுக்கள் மடிகின்றன என்பது மருத்துவர்களின் கணக்கு.

நம் முன்னோரும் இவ்வழி நின்றவர்களே. கெய்ரோவில் ஷாஃபிஈ சட்டக் கல்வியைப் போதித்த இப்னுன் நஃபீஸ் மருத்துவராகவும் விளங்கினார். 1242-இல் இப்னு ஸீனாவின் நூலுக்கு விரிவுரை எழுதியபோது, இரத்தம் இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று கூறி, அதுவரை வந்த கொள்கையைத் திருத்தினார். ஆசானை மதிப்பதும் ஆசானின் பிழையைத் திருத்துவதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

சகோதர சகோதரிகளே! உங்கள் மருத்துவர் கருத்தரங்கிற்குச் சென்றிருக்கிறார் என்றால் மனமுவந்து காத்திருங்கள்; அவர் உங்களுக்காகவே கற்கச் சென்றிருக்கிறார். ஜமாஅத்துகள் ஜும்ஆவுக்குப் பின் கால் மணி நேரம் ஒதுக்கி, இத்தகைய மருத்துவரைப் பேசச் செய்யலாம். முகம் கோணினால், கை துவண்டால், பேச்சுக் குழறினால் நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை வீட்டுப் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும்.

நோயைத் தந்த வல்ல நாயன் அதற்கு மருந்தையும் படைத்துள்ளான். அதைத் தேடிக் கற்போருக்கு நீண்ட ஆயுளையும், நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தையும் அருள்வானாக. ஆமீன்.