குதிரை இல்லாத ஊரில் கௌபாய் படம்

மெட்ராஸிலிருந்து கப்பல் வந்தால்தான் போர்ட் பிளேரில் எங்களுக்குப் புதுப்படம். 'ஹர்ஷவர்தனா' கிளம்பி, கடல் ஒத்துழைத்தால் மூன்றாம் நாள் வந்து சேரும். உருளைக்கிழங்கு, தபால் மூட்டைகளோடு யாராவது ஒரு மாமாவின் பெட்டியில் வீடியோ கேசட்டும் வரும். அன்று ராத்திரி யார் வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்திருக்கிறார்களோ, அந்த வீட்டு வாசலில் செருப்பு குவிந்துவிடும்.

புதுப்படம் என்பது பேச்சுக்குத்தான். எண்பதுகளிலும் எங்களுக்கு வந்ததில் பாதி எழுபதுகளின் சரக்கு. எனக்கு அதில் உயிர், கர்ணன் எடுத்த ஜெய்சங்கர் படங்கள். 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டுமே 1972. கேமராக்காரரே டைரக்டர் என்பதால் குதிரைகள் நம் தலைக்கு மேலேயே பாய்ந்து போகும். தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, புழுதி பறக்கும் பொட்டல். தலைக்கு விலை வைக்கப்பட்ட முரடனிடம் ஒருத்தி மனசைப் பறிகொடுப்பாள். அது டெக்சாஸா தர்மபுரியா என்று நாங்கள் கேட்டதில்லை. எங்கள் ஊரில் சவாரிக்குக் குதிரை ஏது? காட்டில் மரம் இழுக்கும் யானைகளைத்தான் பார்த்திருக்கிறோம். புழுதியும் கிடையாது, வருஷத்தில் பாதி மழை. அதனாலேயே அந்தப் பொட்டல் மேல் அப்படியொரு மோகம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், எங்களுக்குத் 'தாதா', அவரும் வந்து உட்காருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. குதிரைச் சண்டைக்கு மொழி எதற்கு? கொள்ளைக்காரன் காலில் விலங்கு மாட்டும் காட்சி வந்தால் மட்டும் வெற்றிலை வாயோடு சிரித்து, "தேக்கோ பேட்டா, எங்கள் பர்நானா!" என்பார். கேலி இல்லை, நிஜம். அவர் 'லோக்கல்' ஆள், அதாவது கைதிகளின் வாரிசு. அவர் அம்மாவின் தாத்தா கால் விலங்கோடுதான் கப்பலேறி வந்தாராம். என்ன குற்றம் என்று கேட்டால், "யாருக்குத் தெரியும்? வந்தார், பிழைத்தார்" என்று டீயை உறிஞ்சுவார்.

பள்ளிப் பாடம் செல்லுலார் ஜெயிலோடு நின்றுவிடும். அந்த ஜெயில் கட்டி முடித்ததே 1906இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1858 மார்ச்சில், இருநூறு கைதிகளோடு தொடங்கிய குடியிருப்பில் காடும் கடலும்தான் மதில். சிப்பாய்க் கலகத்தில் பிடிபட்டவர்கள் வந்தார்கள், பின்னால் கொலைகாரர்களும் கொள்ளைக்காரர்களும் வந்தார்கள். பல வருஷம் ஒழுங்காக இருந்தவனுக்கு 'டிக்கெட்' கிடைக்கும். அவன் நிலம் உழலாம், பெண்கள் சிறைக்குப் போய் ஒருத்தியைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள்ளலாம். வரிசையாக நிற்கும் பெண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைக் காதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்களுக்கு அதுதான் சிறையை விட்டு வெளியே வர வழி. ஆனால் அவன் பஞ்சாப், அவள் மதராஸ் ராஜதானி, ஜாதியும் மதமும் வேறு வேறு என்று அமைந்த குடும்பங்களும் உண்டு. குழந்தைகள் ஹிந்துஸ்தானி பேசினார்கள். இன்றும் ஊருக்குள் ஷாதிப்பூர், அதாவது 'கல்யாண ஊர்', இருக்கிறது. ஜெயிலில் ஒலி-ஒளிக் காட்சி பார்த்துவிட்டு ஹேவ்லாக் தீவுக்கு ஓடும் டூரிஸ்டுகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

கர்ணன் கண்ணில் பட்டிருக்க வேண்டிய கதையும் அங்கேயே கிடந்தது. துத்நாத் திவாரி, கலகத்தில் தண்டனை பெற்ற சிப்பாய். 1858 ஏப்ரலில் ஒரு பெருங்கூட்டத்தோடு தப்பிக் காட்டுக்குள் போனார். அந்தமானியர்களின் அம்புக்குத் தப்பியவர், பிறகு அவர்களோடே வாழ்ந்தார். லீபா என்ற பெண்ணை மணந்தார். ஒரு வருஷம் கழித்து, பூர்வகுடிகள் வெள்ளையரைத் தாக்கக் கிளம்பியபோது, கர்ப்பமாக இருந்த லீபாவை விட்டு ஓடிவந்து அதிகாரிகளிடம் துப்புக் கொடுத்துவிட்டார். 1859 மே மாதம் அபர்டீன் சண்டை. வில்லும் அம்பும் துப்பாக்கி முன் என்ன ஆகும்? திவாரிக்கு மன்னிப்பு கிடைத்தது, ஊர் திரும்பினார். போரிட்ட கிரேட் அந்தமானியர்கள் இன்று சில பத்துப் பேர். இந்தக் கதையை எடுத்தால் லீபா பக்கம் நின்றுதான் எடுக்க வேண்டும். திவாரியை ஹீரோவாகப் போட்டால் நான் டிக்கெட் வாங்கமாட்டேன்.

அப்படிப்பட்ட மண்ணில்தான் எங்கள் குடும்பமும் போய் ஒட்டிக்கொண்டது. ரத்தம் சிந்திய இடம், யார் இடம் என்பதும் தெரியும். இருந்தும் நான் ஏங்குவது அந்த மண்ணுக்குத்தான். வெற்றிமலை முருகனுக்குப் பங்குனி உத்திரக் காவடி வந்தால் தாதா வீட்டுப் பெண்கள் வாசலில் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெங்காலி செட்லர் வீட்டு மீன், ராஞ்சிக்காரர் கை உதவி. 'நீங்கள் யார்' என்பதற்கு 'ஐலண்டர்' என்றால் பேச்சு முடிந்தது. தாத்தன் கைதி என்று சிரித்தபடி சொல்கிறவர் பக்கத்தில் இருக்கும்போது, குலப்பெருமை யாருக்கு எடுபடும்?

இப்போது மெயின்லேண்டில் இருக்கிறேன். வீடு பார்க்கப் போனால் புரோக்கர் கேட்கிறார்: "சார் எந்த ஊரு?" அந்தமான் என்கிறேன். "அட! சரி சார், அதுக்கு முந்தி?" அப்பா மாயவரம் பக்கம் என்கிறேன். "அங்க எந்தத் தெரு சார்?" தெருவைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வருகிறது, குரலும் மாறுகிறது. வீடு கிடைத்துவிடுகிறது. சாவியை வாங்கிக்கொண்டு, போர்ட் பிளேருக்கு ஃப்ளைட் டிக்கெட் என்ன விலை என்று போனில் பார்க்கிறேன்.