வெள்ளம் கொண்ட ஏடுகள்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு மலர்க்குழுவினர் கேட்டெழுதியபொழுது, பழைய மாணவர் பலரையும் போல யானும் விடுதி வாழ்க்கையையும் துடுப்பாட்டப் போட்டிகளையும் பற்றியே எழுத எண்ணினேன். ஆயினும், கடல் கடந்த நாட்டில் யான் கற்ற பாடமொன்று நெடுநாளாக நெஞ்சிற் கிடந்து உறுத்துகின்றது. அதனைச் சொல்லுதற்கு என்னை வளர்த்த இவ்விடத்தினும் தக்க இடம் வேறில்லை.

தொழில் நிமித்தமாக, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரில், லேக்வியூ என்னும் பகுதியில் யான் குடும்பத்துடன் வாழ்ந்த காலம் அது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29ஆந் திகதி கத்ரீனா என்னும் சூறாவளி கரையைத் தாக்கியது. நகரை அழித்தது காற்றன்று, நீரே. கால்வாய்களின் தடுப்புச் சுவர்களும் அணைக்கட்டுகளும் உடைந்தமையால், நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் அமிழ்ந்தது. புயலாலும் வெள்ளத்தாலும் மாண்டோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். யாம் முதல்நாளே காரில் ஹூஸ்ரன் நகருக்குப் புறப்பட்டமையால் உயிர் தப்பினோம்.

ஒக்டோபர் மாதத்தில் வீட்டைப் பார்க்கச் சென்றேன். சுவர்களிலே நீர் நின்ற கோடு என் தலைக்கு மேலே தெரிந்தது. எங்கும் சேறும் பூஞ்சணமும் நாற்றமுமே. தெருவோரமெங்கும் குளிர்ப்பெட்டிகளும் மெத்தைகளும் மலைபோற் குவிந்திருந்தன. யானும் கையுறை அணிந்து அகப்பட்டவற்றையெல்லாம் அள்ளி அக்குவியலில் எறிந்தேன். அவற்றுள் என் தந்தையார் நாள்தோறும் பாராயணம் செய்த திருமுறைப் புத்தகமும் ஒன்று. அதன் முதலேடுகளில் எங்கள் குடும்பத்தார் பிறந்த நாள்களையும் நட்சத்திரங்களையும் தம் கைப்படவே அவர் எழுதி வைத்திருந்தார். அது ஊறிப் பருத்துக் கையிற் பிசுபிசுத்தது. ஒரு கணம் தயங்கினேன், பின்னர் எறிந்துவிட்டேன். மறுமுறை சென்றபொழுது குவியல் அகற்றப்பட்டிருந்தது.

சில மாதங்களின் பின் என்னோடு பணிபுரிந்த யூத அன்பர் ஒருவரைச் சந்தித்தேன். அவர் லேக்வியூவிலிருந்த பெத் இஸ்ரேல் என்னும் தொழுகைக் கூடத்தைச் சேர்ந்தவர். வைதிக ஒழுக்கம் பேணும் அக்கூடத்தில் பத்தடிக்கு மேல் வெள்ளம் புகுந்தது. தோரா எனப்படும் அவர்தம் மறைச் சுருள்கள் ஏழு அங்கிருந்தன. அவை தோலேட்டிலே கையால் எழுதப்படுவன. தொண்டர்கள் படகிற் சென்று அவற்றை மீட்டனர். ஆயினும் எழுத்தழிந்து பயன்படாதனவாயின. அவற்றையும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வழிபாட்டு நூல்களையும் அச்சமூகத்தார் எறிந்துவிடவில்லை. இறந்தோரை அடக்குவது போலவே இடுகாட்டில் நிலத்தில் அடக்கம் செய்தனர். இறைவன் பெயர் பொறித்த ஏட்டை அவ்வாறே வழியனுப்புதல் அவர்தம் மரபாம். இதனைக் கேட்டதும் யான் தலைகுனிந்தேன். பழுதடைந்த ஏடுகளை ஓடும் நீரில் விடும் வழக்கம் நம்மவரிடையேயும் உண்டன்றோ? அதனை அறிந்தும் செய்யாதுவிட்டேன்.

பின்னர் அச்சமூகத்தாரின் துயர்துடைப்புப் பணிகளை அணுகி நோக்கலானேன். வட அமெரிக்க யூதக் கூட்டமைப்புகள் 2 கோடி 80 இலட்சம் டொலர் அளவில் நிதி திரட்டின. மிசிசிப்பி மாநிலத்தில் யூட்டிக்கா என்னும் ஊரில் யூதச் சிறார் கோடை விடுமுறையைக் கழிக்கும் ஜேக்கப்ஸ் முகாம், வீடிழந்தோர்க்குப் புகலிடமாயிற்று. மதபேதமின்றி எல்லார்க்கும் பொருள்களை அனுப்பும் பண்டசாலையும் ஆயிற்று. மினசோட்டா மாநிலத்தில் தோன்றிய நெகாமா என்னும் அமைப்பின் தொண்டர்களும் வந்தனர். அப்பெயருக்கு எபிரேய மொழியில் ஆறுதல் என்பது பொருள். பல்கலைக்கழகங்களிலிருந்து யூத மாணவர் அணியணியாக வந்து வீடுகளைத் துப்புரவாக்கினர். எங்கள் தெருவிலே முதிய மாது ஒருவரின் வீட்டில் அத்தகைய இளைஞர் சிலர் பணிசெய்தமையைக் கண்டேன். அம்மையார் யூதரல்லர். அவர்கள் ஒவ்வொரு பொருளையும் வாயிலிலிருந்த அவரிடம் கொணர்ந்து காட்டி, "அம்மா, இதனை எறியலாமா?" என்று வினவிய பின்னரே அகற்றினர். என் வீட்டில் என்னை அவ்வாறு வினவுவார் எவருமிலர். யானும் என்னை வினவிக்கொள்ளவில்லை.

மற்றொன்றும் குறிப்பிடத் தக்கது. இல்லமிழந்த பெத் இஸ்ரேல் சமூகத்தார்க்கு மெற்றேரியிலிருந்த கேற்ஸ் ஒவ் பிரேயர் என்னும் கூடம் இடமளித்தது. அது சீர்திருத்தக் கொள்கையினரது. முன்னவர் தொழுகையில் ஆணும் பெண்ணும் வேறாக அமர்வர். பின்னவர் ஒருங்கே அமர்வர். இவ்வாறு வழிபாட்டு முறையால் வேறுபட்ட இரு சாராரும் ஆண்டுக்கணக்கில் ஒரு கூரையின் கீழ்த் தத்தம் முறை வழுவாது வழிபட்டனர். விருந்தினரை நோக்கி எம்மைப்போல் மாறுக என்று கூறினாரில்லை. ஈற்றில் தம் நிலத்திலேயே ஒரு பகுதியை அவர்க்கு விற்றனர். அங்கே எழுந்த பெத் இஸ்ரேலின் புதிய கூடம் 2012இல் திறந்துவைக்கப்பட்டது. அவ்வாறு இரண்டும் அயல்வீடுகளாயின.

மாணவத் தம்பியர்க்கு ஒன்று கூற விழைகின்றேன். இடர் வந்தவிடத்து உணவும் உடையும் ஈதல் முதற்கடன்; அதனை எவரும் மறவார். இழந்தவர் எதனைப் பெரிதாகப் போற்றினார் என்று வினவி அறிதல் அடுத்த கடன். அதனையே பலரும் மறந்துவிடுகின்றோம்.

ஊரிலிருந்து அதே திருமுறைப் புத்தகத்தின் வேறொரு படியை உறவினர் அனுப்பிவைத்தார். அதன் முதலேட்டில் குடும்பத்தார் பெயர்களையும் நாள்களையும் நினைவிலிருந்து எழுதினேன். குழந்தைப் பருவத்திலேயே மறைந்த என் தமையன் ஒருவனின் நட்சத்திரம் மாத்திரம் நினைவில் வரவில்லை. அது தந்தையாரின் கையெழுத்தில் அன்றி வேறெங்கும் இருந்ததில்லை. அவன் பெயருக்கு எதிரே அவ்விடத்தை வெறுமையாகவே விட்டிருக்கின்றேன்.